ரொனால்டு ராஸ்

சர் ரொனால்டு ராஸ் (மே 13, 1857 – செப்டம்பர் 16, 1932) இந்தியாவில் பிறந்த பிரித்தானிய மருத்துவரும் அறிவியலாளரும் ஆவார். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் (நுளம்பின்) உடலில் வளர்வதைக் கண்டறிந்தமைக்காக 1902 ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். மலேரியா பரவும் அளவைக் கணிதத்தின் துணையுடன் கணிக்க முற்பட்ட முன்னோடியும் இவரே.

இளமை

இவர் இன்றைய உத்தராகண்டம் மாநிலத்திலுள்ள அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் ஓவியத்திலும் கணிதத்திலும் நாட்டம் கொண்டிருந்தார். எனினும் தந்தையின் விருப்பப்படி இலண்டனில் மருத்துவம் பயின்று, 1881 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சென்னை, பெங்களூர் முதலிய இடங்களில் பணியாற்றினார்.

மலேரியா ஆய்வு

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு உண்டு என்னும் பேட்ரிக் மேன்சனின் கருதுகோளைச் சோதிக்க 1895 இல் செகந்திராபாத் வந்தார். 1897 இல் விடுப்பில் உதகமண்டலம் சென்றிருந்தபோது, அருகிலுள்ள சீகூர் மலைச்சரிவுப் பகுதியில் தாமே மலேரியாவுக்கு ஆளானார். குணமடைந்து திரும்பிய பின், ஆகஸ்ட் 20, 1897 அன்று, நோயாளி ஒருவரைக் கடித்த அனோபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1898 இல் கல்கத்தாவில், கொசுக்கடியால் மலேரியா ஒரு பறவையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதை நிறுவினார். மனித மலேரியாவில் இதனை அதே ஆண்டில் இத்தாலியின் கிராசி குழுவினர் காட்டினர். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்குரியது என்பதில் இருவருக்கும் கடும் பிணக்கு ஏற்பட்டது.

கணித மாதிரி

1899 இல் ஓய்வு பெற்று லிவர்பூல் சென்ற ராஸ், கொசு ஒழிப்பை வலியுறுத்தினார். கொசுக்களை முற்றாக அழிக்க இயலாது என்பதால் அம்முயற்சி வீண் எனப் பலர் எதிர்த்தனர். இதற்கு ராஸ் கணிதத்தால் விடையளித்தார். நான்கில் ஒரு கொசுவே மனிதரைக் கடிக்கிறது, அவற்றுள் மூன்றில் ஒன்றே ஒட்டுண்ணி முதிரும்வரை உயிர்வாழ்கிறது, அவற்றுள்ளும் நான்கில் ஒன்றே மீண்டும் மனிதரைக் கடிக்கிறது என்று கொள்வோம். அவ்வாறாயின் 48 கொசுக்களில் ஒன்றே நோயைக் கடத்தும். ஆகவே கொசுக்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தாலே நோய் படிப்படியாக மறையும். மொரிசியசு தீவு பற்றிய 1908 ஆம் ஆண்டு அறிக்கையிலும், 1910 இல் வெளியான மலேரியாத் தடுப்பு நூலிலும் இக்கருத்தை இவர் விளக்கினார். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்டு இதனை விரிவாக்கினார். இது ராஸ்–மெக்டொனால்டு மாதிரி எனப்படுகிறது.

நோய் முன்கணிப்பில் தாக்கம்

1908 இல் பஞ்சாபில் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ், மிகுமழையையும் தானிய விலையேற்றத்தையும் அதனுடன் தொடர்புபடுத்தினார். இதன் வழியில் 1920களில் அங்கு முன்னெச்சரிக்கை முறை உருவானது. ஆனால் இலங்கையில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1934 இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியதால் கொசுக்கள் பெருகின. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர்.

இன்று மழை, வெப்பநிலை, ஈரப்பதம், செயற்கைக்கோள் படங்கள், முந்தைய நோய்ப்பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு இயந்திரக் கற்றல் முறையில் மலேரியா, டெங்கு பரவலைக் கணிக்க முயல்கின்றனர். ஓரிடத்தின் தரவுகளில் கற்ற தொடர்பு மற்றோரிடத்தில் பொய்க்கலாம் என்பதற்கு இலங்கை நிகழ்வு சான்றாகும். எனவே, மழை எவ்வழியில் கொசுவைப் பெருக்குகிறது, கொசு எவ்வளவு காலம் உயிர்வாழ்கிறது என்னும் ராசின் அணுகுமுறை இன்றும் தேவைப்படுகிறது.

இறப்பு

இலண்டனில் தமது பெயரால் 1926 இல் நிறுவப்பட்ட ராஸ் நிறுவனத்தில், 1932 இல் தமது 75 ஆவது அகவையில் காலமானார்.