செயலிலே தெரியும் மனம்

மருதானை ஸாஹிராக் கல்லூரியின் பெயரைக் கேட்டதும் அறிஞர் சித்தி லெப்பையைக் கல்வித் தொண்டராக நினைவுகூர்வோர் பலர். நாவலாசிரியராக நினைவுகூர்வோர் சிலரே. அச்சிலருள்ளும் அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ பாத்திரங்களின் உள்ளத்தை ஆராயவில்லை எனக் குறை கூறுவோர் உளர். அக்குறையை நான் ஏற்பதற்கில்லை. அன்னாரின் வாழ்க்கையே அதற்கு மறுமொழி தருகிறது.

முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியிலே பிறந்தார். சட்டத்துறையிற் புகுந்து பிறக்டராகி, பின்னர் கண்டியில் நீதவானாகவும் கடமையாற்றினார். நீதிமன்றத்தில் ஒருவனுடைய மனத்தை எவரும் திறந்து பார்ப்பதில்லை. அவன் எங்கே நின்றான், எதை எடுத்தான், எப்பொழுது ஓடினான் என்பவற்றைக் கொண்டே அவன் கருத்தை உய்த்துணர்வர். இப்பயிற்சி அவருடைய எழுத்திலும் படிந்தது என்பது என் துணிபு.

1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு, எகிப்தியப் புரட்சித் தலைவர் ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்து சேர்ந்தார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் நாவலெனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தோன்றி அப்பொழுது ஆறாண்டுகளே சென்றிருந்தன.

எகிப்திற் பிறந்த அசன் குழந்தைப் பருவத்திலே கடத்தப்பட்டுப் பம்பாயில் வளர்கிறான், கல்கத்தா செல்கிறான், ஈற்றில் தன் பிறப்பை அறிகிறான். தான் யாரென்று அறியாதவன் நெஞ்சில் எத்துணைக் கலக்கம் இருந்திருக்கும்! பிற்கால நாவலாசிரியர் அதற்குப் பல பக்கங்கள் ஒதுக்குவார். சித்தி லெப்பையோ கதையை முன்னே நடத்துகிறார். அசன் ஊர் நீங்குவதும், கற்பதும், பிறந்த மண்ணைச் சேர்வதுமே அவன் ஏக்கத்தைக் காட்டுகின்றன. அதற்குப் பெயரிடும் வேலை வாசகருடையது. தற்செயல் நிகழ்ச்சிகள் மலிந்த நாவல்தான். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆராயாமை வேறு, அறியாமை வேறு.

அகவுலகை அறியாதவரா அவர்? ‘அஸ்றாறுல் ஆலம்’ என்னும் மெய்ஞ்ஞான நூலை இயற்றியவரும் அவரே. ஆராய வேண்டிய இடத்தில் ஆராய்ந்தார். கதை சொல்லும் இடத்தில் கதை சொன்னார்.

1892இல் ஸாஹிரா மருதானையில் தோன்ற முன்னின்று உழைத்த அவர், 1898இல் மறைந்தார். தம் சமூகத்தின் கல்விக் குறைபாட்டை எண்ணி வருந்தியவர், அவ்வருத்தத்தைப் பாடசாலைகளாக ஆக்கிச் சென்றார். அவருடைய மனத்தையும் நாம் செயலிலேதான் காண்கிறோம்.

பாத்திரப் பண்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஒருவன் நினைத்தது யாது என வினவுமுன் செய்தது யாது என மாணவரை வினவுவார்களாக. நம் முன்னோடி நாவல்கள் அப்பொழுது புதிதாகத் துலங்கும்.