டயருக்கு மறுவாழ்வு கொடுத்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்

புளியங்குடி, எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர். திருமங்கலத்தில் இருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் பெரிய ரோட்டில் இருக்கிறது. அங்கிருந்து மூட்டை மூட்டையாகப் பழம் லாரியில் ஏறி வெளியூர் போகிறது.

நடுவழியில் டயர் போய்விட்டால் லாரி நின்றுவிடும். பழம் வாடும். விலை இறங்கும். தோட்டக்காரரின் உழைப்பு எல்லாம் அந்த ரப்பர் வளையத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு டயர் எத்தனை நாள் உழைக்கும்? அது டயரை மட்டும் பொறுத்தது அல்ல. அதை வைத்திருப்பவரையும் பொறுத்தது. இந்த உண்மையை ஒரு தொழிலாகவே செய்து காட்டியவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். அவரும் நெல்லைச் சீமைக்காரர்தான்.

வக்கீல் வேலை பிடிக்கவில்லை

சுந்தரம் அய்யங்கார் 1877-ம் ஆண்டு பிறந்தார். சொந்த ஊர், அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவில் உள்ள திருக்குறுங்குடி. மகன் வக்கீல் ஆகவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அப்படியே சட்டம் படித்து வக்கீல் ஆனார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். பாங்கியிலும் வேலை பார்த்தார். அதுவும் பிடிக்கவில்லை. மாதச் சம்பளத்தை உதறிவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கினார்.

1911-ம் ஆண்டில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டே மதுரையில் பஸ் விட்டார். அப்போது அவருக்கு வயது 35.

மோட்டார் வண்டி என்றால் ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்த காலம் அது. நாலு பேர் போகவேண்டும் என்றால் மாட்டு வண்டி கட்டவேண்டும். இல்லை என்றால் நடக்கவேண்டும். அந்த நாளில், இத்தனை மணிக்குப் புறப்படும், இத்தனை மணிக்கு வந்து சேரும் என்று சொல்லி, சொன்னபடி பஸ்சை ஓட்டினார். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்ற பேச்சே உண்டாயிற்று.

ஆணி பொறுக்கிய காந்தம்

நேரம் தவறாமல் பஸ் ஓட முதல் எதிரி, பஞ்சர். ரோடு நெடுகிலும் மாட்டு வண்டிகள். மாட்டின் குளம்பில் லாடம். லாடத்தில் இருந்து கழன்ற ஆணிகள் ரோட்டில் கிடக்கும். அது டயரில் ஏறினால் பஸ் நிற்கவேண்டியதுதான்.

ஆணி குத்தியபின் ஒட்டுப்போடுவதைவிட, குத்தாமல் தடுப்பது மேல் அல்லவா? காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ரோட்டில் ஓடவிட்டார் சுந்தரம் அய்யங்கார். கிடந்த ஆணிகளைக் காந்தம் இழுத்துக்கொண்டது. பின்னால் வந்த பஸ்கள் பிழைத்தன. அவர் பஸ் மட்டும் அல்ல. அந்த வழியே போன எல்லோருக்கும் அது உபகாரமாயிற்று.

ரப்பருக்குப் பஞ்சம்

1939-ல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942-ல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசம் போயின. உலகத்துக்கு ரப்பர் கொடுத்துவந்த நாடுகளில் முக்கியமானது மலாயா. டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு ஆயிற்று. பெட்ரோலுக்கும் பஞ்சம்.

பஸ்கள் நின்றுபோனால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர் எல்லோரும் தவிப்பார்கள். தொழிலாளர் குடும்பங்களும் பட்டினி கிடக்க நேரும்.

சுந்தரம் அய்யங்கார் கை கட்டி நிற்கவில்லை. கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் மோட்டார் என்ஜினை ஓட்டும் கருவியைத் தயாரித்தார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்பது அதன் பெயர். டயருக்கும் வழி கண்டார். தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையை ஏற்படுத்தினார்.

செருப்பின் அடி தேய்ந்தால் புது அட்டை வைத்துத் தைக்கிறோம். அதுபோலத்தான் இதுவும். டயரின் மேல்பாகத்தில் வரிவரியாக இருப்பதை டிரைவர்கள் பட்டன் என்பார்கள். தேய்ந்த பட்டனைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பரை வைத்துச் சூடு காட்டுவார்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். டயர் மறுபடியும் ரோட்டுக்கு வரும்.

தேய்மானம் சொல்லும் சேதி

ஆனால் எல்லா டயரையும் புதுப்பிக்க முடியாது. உள்ளே இருக்கும் நூல் கட்டு நன்றாக இருக்கவேண்டும். நூல் வெளியே தெரியும் வரை ஓட்டிவிட்டால் அது குப்பைக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டாலும் நஷ்டம்தான்.

டயர் ஏன் ஒரே சீராகத் தேய்வதில்லை? காற்று குறைந்தால் நடுப்பாகம் உள்வாங்கி, இரண்டு ஓரமும் தேயும். காற்று மிஞ்சினால் நடுவில் மட்டும் தேயும். சக்கரங்கள் நேராக இல்லாமல் சற்றுக் கோணலாக ஓடினால் ஒரு ஓரம் தேயும். ஷாக் அப்சார்பர் பழுதானால் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தேயும். லாரியின் பின்னால் ஜோடி போட்ட இரண்டு டயரில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால், பெரியது பாரம் தாங்கும். சிறியது இழுபட்டுத் தேயும்.

காற்றை அளந்து பார்ப்பது, சக்கரத்தை நேர்ப்படுத்துவது, அவ்வப்போது டயர்களை இடம் மாற்றிப் போடுவது ஆகிய மூன்றும் தவறாமல் நடந்தால் டயரின் ஆயுள் கூடும்.

காற்று போனாலும் ஓடும் டயர்கள் பின்னாளில் வந்தன. பக்கச் சுவர் கனமாக இருப்பதால் அது வண்டியைத் தாங்கும். அநேகமாக மணிக்கு 80 கிலோ மீட்டருக்கு மிகாத வேகத்தில், 80 கிலோ மீட்டர் தூரம் வரை போகலாம். ஆனால் அதில் காற்று குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. கவனிக்காமல் ஓட்டினால் ஓரம் தேய்ந்துபோகும். எந்த டயரானாலும் கவனிப்பு இல்லாமல் முடியாது.

மறைந்தும் தொடர்ந்த பணி

குடும்பத்திலும் அவர் துக்கம் கண்டவர். மகள் சவுந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் விதவைப் பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைப்பதே வழக்கம். சவுந்தரமோ டில்லிக்குச் சென்று படித்து டாக்டர் ஆனார். பின்னாளில் காந்திகிராமம் உருவாகப் பாடுபட்டவர் அவரே.

1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆயின. டி.வி.எஸ். பஸ்கள் ஓடிய வழிகளில் பாண்டியன் போக்குவரத்துக் கழக பஸ்கள் ஓடின. டயர்த் தொழில் மட்டும் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. 1982-ல் தொடங்கிய ஸ்ரீசக்ரா நிறுவனம் மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் டயர் தயாரிக்கிறது.

வாங்கிய பொருளை வீணாக்காமல் கடைசி வரை உழைக்க வைப்பதும் ஒரு சம்பாத்தியம்தான். லாரி முதலாளிக்கும் சைக்கிள் வைத்திருக்கும் ஏழைக்கும் சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கை சொல்லும் பாடம் இது.