ஆர்னோல்ட் ஷோன்பேர்க்

ஆர்னோல்ட் ஷோன்பேர்க் (செப்டம்பர் 13, 1874 - ஜூலை 13, 1951) ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இசையமைப்பாளரும் இசை ஆசிரியரும் ஓவியரும் ஆவார். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஆதார சுரத்தைக் கைவிட்டு இசையமைத்த முன்னோடிகளுள் ஒருவர். பன்னிரு சுர முறையை உருவாக்கியவர் என்ற வகையில் 20ஆம் நூற்றாண்டின் இசையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தினார்.

இளமைக்காலம்

வியன்னா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை காலணிக் கடை வைத்திருந்தார். தந்தை இறந்தபின் சில ஆண்டுகள் வங்கியில் எழுத்தராகப் பணிபுரிந்தார். இசையைப் பெரும்பாலும் தாமாகவே கற்றார். இசையமைப்பாளர் அலெக்சாண்டர் செம்லின்ஸ்கியிடம் மட்டும் சிறிது காலம் பாடம் கேட்டார். பின்னர் 1901இல் செம்லின்ஸ்கியின் தங்கை மத்தில்டேயை மணந்தார். 1898இல் கிறித்தவ மதத்தைத் தழுவியிருந்தார். 1899இல் ஆறு தந்திக் கருவிகளுக்காக எழுதிய "உருமாறிய இரவு" இவரது தொடக்ககாலப் படைப்புகளுள் புகழ் பெற்றது.

ஆதார சுரத்தைக் கைவிடல்

கருநாடக இசையில் தம்புராவில் இடைவிடாது ஒலிக்கும் ஷட்ஜத்தைச் சார்ந்தே பிற சுரங்கள் பொருள் பெறுகின்றன. மேற்கத்திய இசையிலும் ஏறத்தாழ 300 ஆண்டுகளாக ஒவ்வொரு படைப்பும் ஓர் ஆதார சுரத்திலிருந்து புறப்பட்டு அதற்கே திரும்பி வந்தது. வாக்னர் முதலியோரின் இசையில் இப்பிடிப்பு ஏற்கனவே தளர்ந்திருந்தது. 1908இல் முடித்த இரண்டாம் தந்தி நால்வரிசையின் இறுதிப் பகுதியில் ஷோன்பேர்க் இப்பிடிப்பை விட்டு விலகினார். மூன்று பியானோ இசைத் துண்டுகள் (1909), "நிலவு பிடித்த பியரோ" (1912) ஆகியன இவ்வழியில் தொடர்ந்தன.

இவ்விசைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மார்ச் 31, 1913 அன்று வியன்னாவில் இவரும் இவரது மாணவர்களான ஆல்பன் பெர்க், ஆன்டன் வெபர்ன் ஆகியோரும் எழுதிய படைப்புகள் இசைக்கப்பட்டபோது அரங்கில் கைகலப்பு மூண்டு, கச்சேரி பாதியில் நின்றது. 1918இல் இவர் தொடங்கிய இசைச் சங்கத்தின் கச்சேரிகளில் விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கைதட்டலும் தடை செய்யப்பட்டிருந்தது.

பன்னிரு சுர முறை

ஆதார சுரம் இல்லாத நிலையில் நீண்ட படைப்புகளைக் கட்டமைப்பது கடினமாயிற்று. இதற்குத் தீர்வாக 1920களின் தொடக்கத்தில் இவர் உருவாக்கியதே பன்னிரு சுர முறை ஆகும்.

ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குள் 12 கட்டைகள் உள்ளன. இம்முறையில் அந்த 12 சுரங்களும் தலா ஒருமுறை வருமாறு ஒரு வரிசை அமைக்கப்படும். அவற்றை மொத்தம் 47,90,01,600 விதமாக வரிசைப்படுத்தலாம். பொதுவாக, மற்ற பதினொன்றும் வந்து முடியும் வரை ஒரு சுரம் திரும்ப வராது. ஆகவே எந்தச் சுரமும் ஆதாரமாக மேலோங்குவதில்லை. ஒரு வரிசையை நான்கு வடிவங்களில் பயன்படுத்தலாம்:

1. மூல வரிசை
2. கடைசியிலிருந்து முதலுக்குச் செல்லும் பின்னோக்கு வரிசை
3. ஏறும் இடைவெளிகள் இறங்குவனவாகவும் இறங்குபவை ஏறுவனவாகவும் மாறிய தலைகீழ் வரிசை
4. தலைகீழ் வரிசையின் பின்னோக்கு வடிவம்

ஒவ்வொன்றையும் 12 சுரங்களில் எதிலிருந்தும் தொடங்கலாம் என்பதால் மொத்தம் 48 வடிவங்கள் கிடைக்கின்றன. தாளம், ஸ்தாயி, கருவி முதலியவை இசையமைப்பாளரின் விருப்பத்திற்கு உரியவை. 1921க்கும் 1923க்கும் இடையில் எழுதிய பியானோ தொகுப்பு (படைப்பு எண் 25) முழுவதும் இம்முறையில் அமைந்த இவரது முதல் படைப்பாகும். வியன்னாவைச் சேர்ந்த யோசெஃப் ஹாவர் இதற்குச் சற்று முன்னரே வேறொரு பன்னிரு சுர முறையைத் தனியாகக் கண்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

நாடு நீங்கல்

1925இல் பெர்லினில் உள்ள பிரஷ்யக் கலைக் கழகத்தில் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் பதவியை இழந்தார். அவ்வாண்டு பாரிசில் முறைப்படி யூத சமயத்திற்குத் திரும்பி, பின் அமெரிக்கா சென்றார். 1938இல் நாசிகள் டுசல்டார்ஃப் நகரில் நடத்திய "சீர்கெட்ட இசை" கண்காட்சி இவரது இசையையும் இழிவுபடுத்தியது.

லாஸ் ஏஞ்சலசில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து 1944இல் ஓய்வு பெற்றார். பணிக்காலம் குறைவு என்பதால் ஓய்வூதியம் மிகச் சொற்பமாக இருந்தது. வாழ்க்கைச் செலவுக்காக முதுமையிலும் தனிப்பட்ட முறையில் பாடம் நடத்தினார். "மோசேயும் ஆரோனும்" என்ற இசை நாடகத்தை முடிக்க 1945இல் கேட்ட உதவித்தொகை மறுக்கப்பட்டது. அதன் மூன்றாம் அங்கத்திற்கு இசை எழுதப்படாமலேயே நின்றுவிட்டது.

1947இல் எழுதிய "வார்சாவில் உயிர் தப்பியவர்" நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களை நினைவுகூர்கிறது. சாவை எதிர்நோக்கி நிற்கும் கைதிகள் தம் எபிரேய வழிபாட்டுப் பாடலைப் பாடுவதோடு அது முடிகிறது. மக்களிடமிருந்து விலகிய வெறும் கணக்கு எனப் பழிக்கப்பட்ட பன்னிரு சுர முறையிலேயே இப்படைப்பு எழுதப்பட்டது.

மறைவு

13 என்ற எண்ணுக்கு அஞ்சிய ஷோன்பேர்க், 1951 ஜூலை 13, வெள்ளிக்கிழமை அன்று தமது 76ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலசில் காலமானார். 1974இல் இவரது அஸ்தி வியன்னாவின் மத்திய கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. நெடுங்காலம் இவருக்கு எதிர்முனையில் வைத்துப் பேசப்பட்ட ஸ்ட்ராவின்ஸ்கியும் 1950களில் சுர வரிசை முறையைக் கையாளத் தொடங்கினார்.