சுறாமீன் பல் சொன்ன ரகசியம்
பூமியின் வயதுக் கணக்குக்கு வழிகாட்டிய அறிஞர் ஸ்டேனோ

1666-ம் ஆண்டு. இத்தாலியில், லிவோர்னோ என்ற ஊர் அருகே ஒரு பெரிய சுறாமீன் பிடிபட்டது. அந்தச் செய்தி, பிளாரன்ஸ் நகரில் இருந்து ஆட்சி நடத்திய கோமகனுக்கு எட்டியது. சுறாவின் தலையை வெட்டி அனுப்பும்படி அவர் கட்டளையிட்டார்.

தலை வந்து சேர்ந்தது. அதை அறுத்து ஆராயும் வேலை, 28 வயது வாலிபர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தான் ஸ்டேனோ.

பொற்கொல்லர் மகன்

ஸ்டேனோ, டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1638-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பொற்கொல்லர். மகனோ வைத்தியம் படித்தார்.

1660-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தார். காதருகில் இருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டு வரும் சிறு குழாயைக் கண்டுபிடித்தார். அந்தக் குழாய் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

நாக்குக் கல்

சுறாவின் பற்களைப் பார்த்த ஸ்டேனோவுக்கு "நாக்குக் கற்கள்" நினைவுக்கு வந்தன. மால்டா தீவில் பாறைகளுக்குள் கிடைக்கும் கற்கள் அவை. பார்க்க நாக்கு போல இருக்கும். அவை வானத்தில் இருந்து விழுந்தவை என்று பலர் நம்பினார்கள். விஷத்தை முறிக்கும் என்று கழுத்தில் கட்டிக் கொண்டார்கள்.

அவை பழங்காலச் சுறாவின் பற்களே என்று வேறு சிலர் முன்பே கூறியிருந்தார்கள். ஆனால் கடல்மீனின் பல், பாறைக்குள் புகுந்தது எப்படி?

ஸ்டேனோ விடை கண்டார். கலங்கிய தண்ணீரைக் குடத்தில் வைத்தால், சேறு அடியில் படிகிறது அல்லவா? அதுபோலக் கடலடியில் படிந்த சேறு, பல்லை மூடியது. பிறகு இறுகிப் பாறை ஆயிற்று. ஒரு படிவின் மேல் இன்னொரு படிவு. அடியில் இருப்பதே பழையது. மேலே இருப்பது புதியது.

1669-ம் ஆண்டு இதைப் புத்தகமாக வெளியிட்டார். பாறைகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிய இன்றும் இதுவே முதல் பாடம்.

ஏழைகளின் நண்பர்

புகழ் தேடி வந்தபோது, ஸ்டேனோ வேறு பாதையில் திரும்பினார். 1675-ல் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். 1677-ல் பிஷப் ஆனார். வட ஜெர்மனியில் பணி செய்தார். தமது மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்கு உதவினார். கடும் விரதத்தால் உடல் நலிந்து, 1686-ல் 48-வது வயதில் காலமானார்.

கண்ணில் ஒரு கணக்கு

ஆண்டுகள் பல உருண்டோடின. ஆழ்கடலில் வாழும் கிரீன்லாந்து சுறாவின் வயதை அறிய விஞ்ஞானிகள் விரும்பினார்கள். பல மீன்களுக்கு எலும்பில் உள்ள வளையங்களை எண்ணி வயது சொல்லலாம். இந்தச் சுறாவிடம் அப்படி எண்ண வளையம் இல்லை.

ஆகவே கண்ணின் வில்லையை எடுத்தார்கள். அதுவும் அடுக்கடுக்காக வளர்வதுதான். நடுப்பகுதி, சுறா பிறக்கும் முன்பே உண்டானது. அதை ஆராய்ந்ததில், ஒரு சுறாவுக்கு வயது குறைந்தது 272 என்றும், 400-ஐ நெருங்கியும் இருக்கலாம் என்றும் தெரிந்தது.

2016-ம் ஆண்டு வெளியான இந்த ஆராய்ச்சியை நடத்தியவர்கள், ஸ்டேனோ பிறந்த கோபன்ஹேகன் நகரின் பல்கலைக்கழகத்தார்! ஸ்டேனோ சுறாவின் தலையை அறுத்த நாளில், இந்தச் சுறா குட்டியாக வடகடலில் நீந்திக் கொண்டிருந்திருக்கலாம்.