மலைநாட்டுத் தொழிலாளர்க்கு உழைத்த கோ. நடேசய்யர்

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு மண்ணில் உழைத்துப் பிழைப்பவனுக்குத் துணையாவன இரண்டு. ஒன்று, அவனைக் காக்கும் சட்டம். மற்றொன்று, அச்சட்டத்தை அவன் அறிந்திருத்தல். இவ்விரண்டையும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்க்குத் தேடித்தர உழைத்தவர் தஞ்சை தந்த கோ. நடேசய்யர். அப்பெருமகனாரை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்வது நமக்கு மிகவும் பொருத்தமேயாம்.

1887இல் பிறந்த நடேசய்யர், தஞ்சையில் வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையை நடத்தியவர். 1920ஆம் ஆண்டையொட்டி இலங்கையில் குடியேறினார். அங்கே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற மக்கள், மலைச்சரிவுகளில் வரிசையாகக் கட்டிய லயங்களில் அடைபட்டு வாழ்ந்தனர். பயணச் செலவும் முன்பணமும் கடனாக அவர்கள் தலையில் ஏறின. வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், கடன் தொகை குறித்த துண்டு ஒன்றைப் பெற்றாக வேண்டும்; புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தாலன்றி விடுதலை இல்லை. இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் ஏட்டில் ஒழிந்தது லயத்திலும் ஒழிந்ததா என்று கேட்பார் இல்லை.

கேட்க முன்வந்தவர் நடேசய்யர். அயலார் தோட்டத்திற்குள் நுழைவது குற்றமாயிருந்த அந்நாளில், புடவை வியாபாரி போல் வேடம் பூண்டு அவர் லயங்களுக்குச் சென்றார் என மலையக மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கித் தொழிலாளர் குறைகளை எழுதினார். 1925இல் சட்டநிரூபண சபையில் இடம்பெற்று அக்குறைகளை ஆள்வோர் செவியில் ஏற்றினார். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் நிறைவேறியது. 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் எனக் கூலி வரையறுக்கப்பட்டது.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டனர். தனியொருவன் குரல் எடுபடாது என்றுணர்ந்த நடேசய்யர், 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். எழுத்தறியாதார்க்குச் செய்தி சென்றடைய, தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்னும் நாடகத்தை எழுதினார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிலாளர் துயரைச் சிந்துப் பாடல்களாக இயற்றிக் கூட்டந்தோறும் பாடினார். உரிமை இன்னதென்பது ஏட்டால் மட்டுமன்றி இசையாலும் லயங்களை எட்டியது.

1936இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1947 நவம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. தோட்ட மக்களுள் மிகப் பலர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. கூலியைக் காக்கச் சட்டம் இருந்தும், அச்சட்டத்தைக் காக்க வாக்கு இல்லாத நிலை அது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைப்படி தாயகம் திரும்பியவருள் ஒரு பகுதியினர், நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளில் அரசின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றவர்க்கு 2003இல் தான் குடியுரிமை முழுமையாகக் கிட்டியது.

கோபிநத்தத்தில் வாழும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னரே மைசூரைச் சேர்ந்தது. எல்லைக் கோடு மாறியபோதும் நம் வாக்கும் குடியுரிமையும் மாறவில்லை. கடல் கடந்த நம் உடன்பிறப்புகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

இன்றும் நம் இளைஞர் வெளிநாடுகளுக்கு வேலை நாடிச் செல்கின்றனர். முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா, கூலி எவ்வளவு, கடவுச்சீட்டு எவர் கையில் இருக்கும் என்பவற்றைத் தெளிவாகக் கேட்டறிந்து, ஒப்பந்தத்தைத் தாமறிந்த மொழியில் படித்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். நடேசய்யர் வாழ்நாளெல்லாம் உழைத்தது இவ்வறிவு ஏழை எளியவரைச் சென்றடையவே. அதனை நம் இல்லந்தோறும் பரப்புவதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.