வந்தாரை ஏற்ற ஊர்கள்: மேல்நாட்டில் எம்பெருமானார்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானார் அவதரித்தருளிய ஸ்ரீபெரும்பூதூரையும், கற்றுத் தேறிய காஞ்சியையும், வீற்றிருந்து நிர்வஹித்த திருவரங்கத்தையும் நாம் அடிக்கடி அநுஸந்திக்கிறோம். இடையிலே அவர் மேல்நாட்டில் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலும் ஒரு திக்விஜயமாகவே சொல்லிப் போகிறோம். அரசன் அடிபணிந்தான், வாதியர் தோற்றனர், திருநாராயணபுரம் மீண்டது என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வெற்றிகளுக்கு முன்னே, வேஷம் மாறிய ஒரு முதிய துறவி, மொழி வேறான நாட்டில், பெயர் தெரியாத சிற்றூர்களின் வாசலில் நின்றார் என்பது நம் நினைவில் தங்குவதில்லை. அந்த ஊர்கள் அவரை எப்படி ஏற்றன என்பதை மட்டும் இம்மாதம் அடியார்களோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில் அவதாரம். காஞ்சியில் யாதவப்ரகாசரிடம் வாசிப்பு, பின்பு பெரிய நம்பி திருவடிகளில் ஸமாச்ரயணம், பின்பு ஸந்யாஸம். திருவரங்கத்துக்கும் அவர் வெளியூரிலிருந்து வந்தவரே. திருவரங்கப்பெருமாள் அரையர் காஞ்சிக்குச் சென்று, பேரருளாளனைப் பாடி உகப்பித்து, பரிசிலாக இவரைக் கேட்டுப் பெற்று வந்தார் என்பது நாமறிந்த சரித்திரம். அப்படி அழைத்து வரப்பட்டவருக்கே, கோயில் ஒழுங்கைத் திருத்தத் தொடங்கியபோது, மதுகரத்திலே விஷம் கலந்த வீடும் அதே ஊரில் இருந்தது. பெரிய ஊர் எல்லாரையும் உள்ளே விடும். ஆனால் வந்தவர் எதையேனும் மாற்றத் தொடங்கினால் பொறுக்காது.

சோழன் ஆள் அனுப்பிய நாளில் கூரத்தாழ்வான் உடையவரின் காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு அரசவைக்குப் புறப்பட்டார். பெரிய நம்பியும் உடன் சென்றார். உடையவரோ ஆழ்வானின் வெள்ளை வஸ்த்ரத்தை உடுத்து, சில சீடர்களோடு மேற்கே காட்டுவழியில் எழுந்தருளினார். குருபரம்பரைக் கணக்கின்படி அப்போது அவருக்கு எண்பதை ஒட்டிய பிராயம். ஆறு நாள் அமுது இல்லாத நடை. பின்னே சோழன் வீரர், முன்னே முள்ளும் இருட்டும்.

நீலகிரிச் சாரலில் ஓர் இரவு தூரத்திலே நெருப்பு தெரிந்தது. காவலிருந்த வேடர்கள் குரல் கொடுத்து, இவர்களை அருகே அழைத்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். திருவரங்கம் என்றதும், எம்பெருமானார் ஸுகமாக இருக்கிறாரா என்பதே அவர்களுடைய அடுத்த கேள்வி! வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். நல்லான் சக்ரவர்த்தி என்னும் உடையவரின் சீடர் முன்னமே அந்தக் காட்டு மக்களுக்கு நல்வார்த்தை சொல்லி வைத்திருந்தார். தேடப்படுகிறவர் தங்கள் முன்னே குளிரில் நிற்கிறார் என்று அறிந்ததும் அவர்கள் விழுந்து ஸேவித்தார்கள்; தீ மூட்டிக் குளிர் காயச் செய்தார்கள்; தேனும் தினைமாவும் ஸமர்ப்பித்தார்கள். பிறகு வழித்துணையாக ஊர்ப்புறம் வரை கொண்டு வந்து சேர்த்தார்கள்.

அங்கேதான் கொங்குப் பிராட்டியின் திருமாளிகை. அடியேனுக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிக உகந்த இடம் இது. முன்பு ஒரு வற்கடக் காலத்தில் அவளும் அவள் கணவரும் சொந்த ஊரை விட்டுத் திருவரங்கத்தில் வந்து குடியிருந்தார்கள். மதுகரத்துக்கு எழுந்தருளும் ஒரு துறவியைக் கண்டவர்கள் எல்லாரும் வீதியில் விழுந்து வணங்குவதை மாடியிலிருந்து பார்த்த அவள், ஒருநாள் அவரை நிறுத்தி, பிச்சையெடுக்கும் உமக்கு இவர்கள் விழக் காரணம் என்ன என்று கேட்டுவிட்டாள். நாம் சொல்லும் நல்வார்த்தை ஒன்று உண்டு, அதற்காக என்று அவர் ஸாதிக்க, அதை எனக்கும் சொல்லலாகாதோ என்றாள். பஞ்சம் பிழைக்க வந்த பெண்ணுக்கு வாசலிலேயே த்வயம் உபதேசமாயிற்று. நாட்டில் மழை பெய்து ஊர் திரும்பும் நாளில் மந்த்ரம் மறந்துபோயிற்று என்று மீண்டும் கேட்டு உறுதி செய்துகொண்டாள். கூடவே அவருடைய பாதுகைகளையும் வேண்டிப் பெற்றாள்.

இப்போது அவள் ஊரில் அவள் வாசலில், வெள்ளுடையில், அடையாளம் தெரியாமல் அவர் நிற்கிறார். அவள் எல்லாரையும் அமுது செய்ய அழைத்தாள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர் வந்தவரை நம்புமா என்று மட்டுமே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்த இடத்திலோ வந்தவர்கள் ஊரை நம்பவில்லை. முன்பின் அறியாத வீட்டில் எப்படி அமுது செய்வது என்று சீடர்கள் தயங்கினார்கள். அவள் தளிகை முடித்து உள்ளே சென்று என்ன செய்கிறாள் என்று பார்த்துவர உடையவரே ஒருவரை நியமித்தார். பார்த்தவர் வந்து சொன்னார்: தூய ஆடை உடுத்து, உள்ளறையில் வைத்திருந்த பாதுகைகளுக்கு அமுது கண்டருளப் பண்ணி, த்யானித்திருந்தாள் என்று. அதன்பின்பு அவள் வெளியே வந்து ஒவ்வொருவர் திருவடியாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒருவர் திருவடியில் நின்றுவிட்டாள். இந்தத் திருவடி எம்பெருமானாருடையது போலிருக்கிறது, ஆனால் வஸ்த்ரம் வேறாக இருக்கிறதே என்று அவள் தடுமாற, உடையவர் தம்மை வெளியிட்டருளினார். முகம் மறந்தாலும் பாதுகை வைத்துத் தொழுதவளுக்கு அதன் அளவு மறக்கவில்லை. உடையவர் மீண்டும் காஷாயமும் த்ரிதண்டமும் தரித்தது அந்த ஊரில்தான்.

அடியேன் வங்கிப் பணியில் இருந்த காலத்தில் மண்டிய மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கிளைக்கு மாற்றலானேன். முதல் மூன்று மாதம் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. ஊரார் மரியாதைக்குக் குறைவு வைத்ததில்லை. காபி கொடுத்தார்கள், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார்கள், வீடு மட்டும் இல்லை என்றார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்காக ஒரு வார்த்தை சொன்ன மறுநாளே இரண்டு வீடுகள் காலியாக இருப்பது தெரியவந்தது. அக்காலத்தில் புதிய கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையொப்பம் இட வேண்டும். சிற்றூர்களும் அந்த விதியிலேயே நடக்கின்றன என்று அப்போது புரிந்துகொண்டேன். நல்லான் சக்ரவர்த்தியும் அந்தப் பாதுகைகளும் இட்ட கையொப்பம் உடையவர் வருவதற்கு முன்பே அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அறிமுகம் இல்லாத ஊரும் வந்தது. மிதிலாபுரி சாளக்கிராமம், இன்றைய மைசூரு மாவட்டத்தில் உள்ளது. அவ்வூரார் வேறு மதத்தில் ஊன்றியவர்கள். வந்த வைஷ்ணவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. உடையவர் கோபிக்கவும் இல்லை, வாதுக்கு அழைக்கவும் இல்லை. தம் மருமகனான முதலியாண்டானை அழைத்து, ஊரார் நீர் முகக்கும் துறையில் திருவடி விளக்கி வரும்படி நியமித்தார். அந்த ஸ்ரீபாததீர்த்தம் பட்ட நீரைப் பருகியவர்கள் மறுநாள் தாங்களாகவே வந்து ஆச்ரயித்தார்கள் என்கிறது குருபரம்பரை. அங்கே கிடைத்த ரத்நமே வடுகநம்பி. ஆசார்யனைத் தவிரத் தேவு மற்றறியாத நிலைக்கு இன்றும் நாம் காட்டும் உதாரணம் அவர். வாசல் திறக்காத ஊரே மற்ற எவ்வூரையும்விட நெருங்கிய ஒருவரைத் தந்தது.

அடுத்து தொண்டனூர். இன்று கெரெ தொண்ணூர் என்கிறார்கள். கெரெ என்றால் ஏரி. அங்கே தொண்டனூர் நம்பி என்னும் அடியவர் இருந்தார், அவர் மூலமாக ஹொய்சள அரசன் பிட்டிதேவனின் அரண்மனை வரை செய்தி சென்றது. பேய் பிடித்திருந்த அரசகுமாரி குணமடைந்ததும், அரசன் விஷ்ணுவர்த்தனன் ஆனதும், ஆயிரம் முகத்தோடு திரைக்குள்ளிருந்து ஜைனர்களுக்கு விடை தந்ததும் அடியார்கள் நன்கறிந்தவை, விரிக்கவில்லை. பேலூர்க் கேசவன் திருக்கோயில் 1117இல் அவ்வரசனால் பிரதிஷ்டையானது. அவனுடைய பட்டத்தரசி சாந்தலையோ கடைசிவரை ஜைன நெறியிலேயே நின்றாள் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஒரே அரண்மனையில் இரண்டும் இருந்தன. தொண்டனூரின் பெரிய ஏரியை உடையவர் காலத்ததாகவே அப்பகுதி மக்கள் சொல்வார்கள். அதன் கரையில் ஒரு மாலை நின்றபோது, வந்தவர் ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்டால் அங்குள்ள உழவர் வாதங்களைச் சொல்லமாட்டார், தண்ணீரைத்தான் காட்டுவார் என்று தோன்றியது.

திருமண் தேடிச் சென்ற இடத்தில், துளசிச் செடிகளின் கீழே புற்றுக்குள் எழுந்தருளியிருந்த திருநாராயணனைக் கண்டெடுத்தது பஹுதான்ய வருஷம் தை மாதம் புநர்வஸுவில். காடு திருத்தி, கோயில் எடுத்து, வீதி அமைத்து ஒரு சிற்றூரையே உடையவர் உண்டாக்கினார். உத்ஸவமூர்த்தியான ராமப்ரியன் தில்லியில் துலுக்க அரசன் மகளிடம் இருப்பதாக அறிந்து அங்கே சென்று, செல்வப்பிள்ளாய் வாராய் என்று அழைக்க, அவன் சதங்கை ஒலிக்க வந்து மடியில் அமர்ந்தான். திரும்பும் வழியில் கள்ளர் பயம் நேர்ந்தபோது, ஊருக்குப் புறம்பே வைக்கப்பட்டிருந்த மக்கள் வந்து காத்துப் பெருமாளைக் கொண்டு சேர்த்தார்கள். அவர்களுக்கு உடையவர் திருக்குலத்தார் என்று திருநாமம் சாற்றி, ஆண்டுக்கு மூன்று நாள் கோயிலுள் புகுந்து ஸேவிக்கும் உரிமையும் ஏற்படுத்தினார். பிரிவாற்றாமல் பின்னே வந்த அரசகுமாரிக்கும் செல்வப்பிள்ளை திருவடிகளில் இடம் கிடைத்தது. துலுக்க நாச்சியாராக அவளை இன்றும் ஸேவிக்கிறோம்.

கணக்குப் பார்த்துப் பழகிய புத்தி அடியேனுடையது. 365 நாளில் மூன்று நாள் என்பது உறுத்துகிறது. தினைமாவு கொடுத்த வேடருக்கும் பெருமாளைச் சுமந்த திருக்குலத்தாருக்கும் ஊர் முழுவதும் திறக்க எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, அதுவும் சட்டத்தால். எங்கிருந்தோ வந்தவரை அணைத்துக்கொண்ட ஊர், அருகிலேயே பிறந்தவரை எல்லையில் நிறுத்தியிருந்தது. மூன்று நாளாவது திறந்தது, அந்த நிறுத்தலின் வலி தெரிந்த ஒரு வெளியூரார் கையால் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே காலத்தில் திருவரங்கத்தில் நடந்தது வேறு. கண்ணிழந்து திரும்பிய கூரத்தாழ்வானைக் கோயில் வாசலில் தடுத்தார்கள்; எம்பெருமானார் ஸம்பந்தம் உடையவர்களை விடக்கூடாது என்பது கட்டளை. ஒரு காவலன் தடுக்க, மற்றொருவன் இவர் எல்லாருக்கும் நல்லவர், விடலாம் என்றான். ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கிக்கொண்டு பெறும் அநுமதி வேண்டாம் என்று ஆழ்வான் திரும்பினார். திருமாலிருஞ்சோலை மலையடிவாரம் அவரை ஏற்றது. ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது.

திருநாராயணபுரத்தையும் குறையில்லாத ஊராகச் சொல்லிவிட முடியாது. ஒரு தலைமுறைக்குப் பின், அவ்வூரில் பெரும் வித்வானாக விளங்கிய வேதாந்தியைப் பட்டர் சென்று வாதில் வென்று திருத்தினார். அதன்பின் ஒருநாள் அவர் இல்லாத வேளையில் பசியோடு வந்த ஸ்ரீவைஷ்ணவர்களை அவருடைய மனைவியர் அமுதிடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று பெரியோர் ஸாதிப்பர். அதை அறிந்து அவர் மனம் நொந்து, தம் செல்வத்தை மூன்றாகப் பகிர்ந்து, இரண்டு பங்கை மனைவியருக்குக் கொடுத்து, ஒரு பங்கை ஆசார்யனுக்காக எடுத்துக்கொண்டு துறவு பூண்டு திருவரங்கம் சென்றார். அவரே நம் நஞ்சீயர். திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி அருளிச்செய்தவர். மறுக்கப்பட்ட ஒரு வேளைச் சோற்றிலிருந்து அந்த உரைகாரர் நமக்குக் கிடைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சோழன் மாண்ட செய்தி வந்தது. உடையவர் திருவரங்கத்துக்குத் திரும்பத் திருவுள்ளம் பற்றினார். கோயில் காரியத்துக்கென்று அவர் நியமித்திருந்த ஐம்பத்திருவரும் ஆற்றாமல் கதறினார்கள். அவர்களுக்காகத் தம்மைப் போலவே ஒரு திருமேனி செய்வித்து, அதைத் தாமாகவே எண்ணியிருக்கும்படி ஸாதித்துப் புறப்பட்டார். தமர் உகந்த திருமேனி என்று அதைச் சொல்கிறோம். வடுகநம்பி அவரோடு நடந்தார். திருவரங்கத்தில் ஆழ்வான் எதிர்கொண்டு விழ, உடையவர் அவரை எடுத்து அணைத்து, பார்வையற்ற திருக்கண்களைக் கண்டு உருகினார். 1137இல் உடையவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். வடுகநம்பி பின்னர் சாளக்கிராமத்துக்கே திரும்பிச் சென்று, அந்த ஸ்ரீபாததீர்த்தத்தின் அருகில் தம் ஆசார்யன் திருவடிகளை நினைத்தபடியே கடைசி நாட்களைக் கழித்தார்.

அடியேன் ராமாநுஜதாஸன்