பிறந்த பெயரில் கதாநாயகி ஆனார்!

சலவைக்காரரின் மகளாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுச் சினிமா பார்த்தார். பிறகு உலகம் அறிந்த நடிகை ஆனார். ஆனால் கதாநாயகி வேடம் மட்டும் அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. காரணம், அவருடைய இனம்!

அவர்தான் அன்னா மே வோங்.

சலவைக்கடை

1905-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். சீனக் குடும்பம். தகப்பனார் சலவைக்கடை நடத்தினார். பெற்றோர் வைத்த பெயர் லியூ சாங்.

சினிமாவுக்குப் போவது தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. மகள் கேட்கவில்லை. 1919-ல் ஒரு படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக, லாந்தர் விளக்கைப் பிடித்தபடி நடித்தார். அப்போது வயது 14.

1922-ல் "டோல் ஆப் தி சீ" என்ற படத்தில் கதாநாயகி ஆனார். கலர் படம் அபூர்வமாக இருந்த காலத்தில் வந்த கலர் படம் அது. வெள்ளைக்காரனை மணந்து, அவனால் கைவிடப்பட்டு, கடலில் உயிரை விடும் சீனப் பெண்ணாக நடித்தார். ரசிகர்கள் கண் கலங்கினார்கள்.

சட்டம் குறுக்கே வந்தது

அதன் பிறகும் நல்ல வேடங்கள் வரவில்லை. அடிமைப் பெண், வஞ்சகி, கடைசியில் சாகிறவள், இப்படித்தான் வந்தன.

கலிபோர்னியா மாநிலத்தில் வெள்ளையரும் சீனரும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் தடை போட்டிருந்தது. அந்தத் தடை 1948-ல்தான் நீங்கியது. திரையிலும் வெள்ளைக்கார நடிகருக்கு ஜோடியாக வேறு இனத்துப் பெண் நடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது.

வெறுத்துப்போன அன்னா 1928-ல் ஐரோப்பாவுக்குப் போனார். ஜெர்மன் மொழி கற்றார். அங்கே புகழ் பெற்றுத் திரும்பினார். 1932-ல் "ஷாங்காய் எக்ஸ்பிரஸ்" படத்தில் மார்லின் டீட்ரிச்சுடன் நடித்தார்.

பெரிய ஏமாற்றம்

சீன விவசாயிகளின் கதையான "குட் எர்த்" படமாகப் போகிறது என்று செய்தி வந்தது. கதாநாயகி வேடம் தனக்குக் கிடைக்கும் என்று நம்பினார். ஆனால் கதாநாயகனாக வெள்ளைக்கார நடிகர் பால் முனியைப் போட்டார்கள். சீனப் பெண் வேடம் வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னருக்குப் போயிற்று. அதற்காக ரெய்னர் ஆஸ்கார் பரிசும் பெற்றார்!

1936-ல் அன்னா முதன் முறையாகச் சீனா சென்றார். அங்கேயும் நிம்மதி இல்லை. சீனாவை இழிவுபடுத்தும் வேடங்களில் நடித்தவர் என்று சிலர் குறை கூறினார்கள். அமெரிக்காவில் அவர் சீனர். சீனாவிலோ அவர் அமெரிக்க நடிகை!

டெலிவிஷனில் வெற்றி

அவருக்கு 46 வயதானபோது கதவு திறந்தது. 1951-ல் ட்யூமான்ட் டெலிவிஷன் அவரைக் கதாநாயகியாக வைத்துத் தொடர் நாடகம் ஒளிபரப்பியது. கலைப்பொருள் கடை நடத்திக்கொண்டே குற்றங்களைத் துப்பறியும் பெண் வேடம். கதாநாயகியின் பெயர் மேடம் லியூ சாங். ஆம், பெற்றோர் வைத்த அதே பெயர்!

ஆசிய இனத்தைச் சேர்ந்த அமெரிக்கர் ஒருவர் முதன்மை வேடம் ஏற்ற முதல் அமெரிக்க டெலிவிஷன் தொடர் அதுதான். அந்த ஆண்டிலேயே அது முடிந்துவிட்டது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

1961-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி அன்னா மாரடைப்பால் காலமானார். வயது 56.

2022-ல் அமெரிக்க அரசாங்கம் கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. அமெரிக்க நாணயத்தில் இடம் பெற்ற முதல் ஆசிய இன அமெரிக்கர், அந்தச் சலவைக்காரரின் மகள்தான்.